எரிஞ்சாத்தான் முடி நேராகுமா?

முடி நேராக்கியதில் வெந்த மண்டைத் தோலுக்கும் வெடித்த நுனிக்கும் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் செய்ய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத்தின் பிள்ளை மடுவத்துக்குப் போயிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். பால் கொடுக்க வந்த தாய்மாரோடு பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியும் தன் அக்காவுக்குத் துணையாக வந்தாள். நல்ல வெயில். ஆனாலும் தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கூடையை இறக்கும்போது கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தூக்கினாள். முகம் சுளித்தது.

"தலையில என்னா புள்ள?" என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லீங்க மிஸ். பேன் மருந்து போட்டேன், அதான்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றா மிஸ். எங்க சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு முடிய நேராக்கப் போயி மண்டை வெந்து போச்சு. அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

துணியை அவிழ்த்துப் பார்த்தோம். உச்சந்தலையில், சரியாகக் கூடைக் கயிறு படியும் இடத்தில், ஐந்து ரூபா குற்றி அளவில் இரண்டு புண். ஓரத்தில் மஞ்சள் பொருக்கு, நடுவில் ஈரம், லேசான வாடை. உடம்பும் சுட்டது. நடந்தது இதுதான்: டவுனில் ஒரு கிறீம் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். பெட்டியில் 15 நிமிடம் என்று போட்டிருக்கிறது. நல்லாப் பிடிக்கட்டும் என்று 40 நிமிடம் வைத்திருக்கிறார்கள். "எரியுதுன்னு சொன்னேன் மிஸ். எரிஞ்சாத்தான் முடி நேராகும்னு அக்கா சொல்லிச்சு" என்றாள். பிறகு எரிச்சல் தாங்காமல் பற்பசையைப் பூசி, துணியைக் கட்டி, மறுநாளே மலைக்குப் போயிருக்கிறாள். நான்கு நாள் அப்படியே கொழுந்து எடுத்திருக்கிறாள்.

முடியை நேராக்குவது தப்பா சரியா என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், கொழும்புக்கு வேலைக்குப் போனவர்கள் செய்துகொண்டு வருகிறார்கள், கல்யாணம் தீபாவளி என்றால் டவுன் சலூன்களில் இடம் கிடைப்பதில்லை. ஆனால் "எரிஞ்சாத்தான் பிடிக்கும்" என்ற பேச்சை நான் போகிற தோட்டங்களிலெல்லாம் கேட்கிறேன். அது முழுப் பிழை. ஏன் பிழை என்று விளங்கினால் பாதிப் புண் வராது.

கிறீமுக்குள் என்ன இருக்கிறது?

நமது முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் கந்தகக் கட்டுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முடி கருகும்போது வருகிற நாற்றம் அந்தக் கந்தகத்தால்தான். கூடைப் பின்னலை நினைத்துப் பாருங்கள். குறுக்கு ஈர்க்குகளை உருவி விட்டால் கூடை தன் வடிவத்தை விட்டு எப்படி வேண்டுமானாலும் வளையும். முடி நேராக்கும் கிறீம் செய்வதும் அதைத்தான். கட்டுகளை உடைத்து, சுருளை விட்டுவிடச் செய்கிறது.

இதில் பல வகை உண்டு. ரிலாக்ஸர் என்ற கிறீம் ஆபிரிக்க வம்சாவளி மக்களின் இறுகிய சுருள் முடிக்காகத் தயாரிக்கப்பட்டது. அதில் ஒரு வகையில் இருப்பது சோடியம் ஹைட்ரொக்சைட், அதாவது காஸ்டிக் சோடா. சவர்க்காரம் காய்ச்சவும் அடைபட்ட குழாயைத் திறக்கவும் எடுக்கிற அதே சாமான். இன்னொரு வகைப் பெட்டியில் காஸ்டிக் சோடா இல்லை என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதில் பெரும்பாலும் கல்சியம் ஹைட்ரொக்சைட் இருக்கும். அது வேறொன்றுமில்லை, நம்ம வெற்றிலைச் சுண்ணாம்புதான். அதனோடு இன்னொரு மருந்தைக் கலந்ததும் அது பலமான காரமாகிவிடும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு ஒரு துளி கூடினால் வாய் வெந்து போவது நம் பாட்டிமாருக்கெல்லாம் தெரியும். அதையே மண்டையில் அரைமணி நேரம் வைத்தால் என்னாகும்? சலூன்களில் ரீபொண்டிங் என்று செய்வது மூன்றாவது வகை. அதில் வேறு மருந்து போட்டு, கழுவி, சூடான இரும்பால் இழுத்து, பிறகு இன்னொரு மருந்தால் கட்டுகளைத் திரும்ப இறுக்குவார்கள். இதில் மருந்துப் புண்ணோடு இரும்புச் சூடும் படலாம்.

இப்போது கவனியுங்கள். முடிக்கு உணர்ச்சி கிடையாது. வெட்டினாலும் வலிக்காது. ஆகவே எரிவது முடி அல்ல, தோல். நம் மேல் தோலும் கெரட்டினால் ஆனதுதான். முடியின் புரதத்தை உடைக்கிற மருந்து தோலைக் கண்டால் விலகிப் போகாது. எரிகிறது என்றால் முடியில் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தமில்லை. தோல் கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதிலும் காரப் புண் நெருப்புப் புண்ணைப் போல மேலோடு நிற்பதில்லை. கழுவி எடுக்கும்வரை உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

எரிந்த அந்த நிமிடத்தில்

பிள்ளை "எரியுது" என்று சொன்ன உடனே கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். பாதித் தலைதான் முடிந்தது, காசு வீணாகும் என்று யோசிக்க வேண்டாம். கைக்கு உறை போட்டுக்கொண்டு, துணியால் கிறீமை வழித்தெடுத்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். 20 நிமிடம் முழுசாகக் கழுவ வேண்டும். இரண்டு செம்பு ஊற்றிவிட்டு எரிச்சல் குறைந்தது என்று நிறுத்தக் கூடாது. லயத்துப் பைப்பில் தண்ணீர் வராத நேரமானால் பீலிக்குக் கூட்டிப் போங்கள். ஆனால் பீலித் தண்ணீர் நேரே விழுகிற வேகத்தில் தலையை வைக்கக் கூடாது. வாளியில் பிடித்துச் செம்பால் ஊற்றுவது நல்லது. கழுவிய தண்ணீர் கண்ணில் இறங்காதபடி தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். மலைக்குளிரில் பிள்ளை நடுங்கும். உடம்பில் கம்பளியைச் சுற்றி, தலையை மட்டும் நனையுங்கள். ஐஸ் கட்டி வைக்க வேண்டாம். கிறீம் பட்ட உடுப்பையும் கழற்றிவிடுங்கள், கழுத்திலும் முதுகிலும் ஒட்டிக்கொண்டு அங்கேயும் புண்ணாக்கும்.

சிலர், காரத்துக்குப் புளிதான் முறிவு என்று தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ ஊற்றுகிறார்கள். செய்யாதீர்கள். காரமும் புளியும் சேரும்போது சூடு கிளம்பும், வெந்த தோல் மேலும் நோகும். பற்பசை, மஞ்சள், முட்டை, கோப்பித் தூள், தேங்காயெண்ணெய் எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். எண்ணெய் மருந்தை உள்ளே மூடி வைத்துவிடும். பற்பசை புண்ணோடு காய்ந்து ஒட்டி, பிறகு ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுக்க வேண்டி வரும். நான் பார்த்த பிள்ளைக்கு அதுதான் நடந்தது. அவள் கத்திய கத்தல் வெளியே வாங்கில் இருந்த அக்காவுக்கும் கேட்டது.

கண்ணில் பட்டால் கதையே வேறு. இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் தண்ணீர் விட்டுவிட்டு, நோவு இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பார்வை போகக்கூடிய காரியம் இது. முகம், உதடு, இமை வீங்கி மூச்சு இழுத்தால் 1990 என்ற சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அது இலவச சேவை. தமிழிலும் பேசலாம்.

எதை வீட்டில் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது

கழுவிய பிறகு தோல் சிவந்து, லேசாக எரிந்து, இரண்டு மூன்று நாளில் பொடுகு போல உரிந்தால் அது மேலோட்டமான சூடு. வீட்டிலேயே ஆறும். கொப்புளம் வந்தால், தோல் உரிந்து ஈரம் கசிந்தால், வெந்த இடம் வெள்ளையாகவோ பழுப்பாகவோ தடித்துப் போனால், அல்லது புண் ஒரு உள்ளங்கை அளவு இருந்தால் அன்றே டிஸ்பென்சரிக்குப் போங்கள். வெந்த இடத்தில் உணர்ச்சியே இல்லையென்றால் ஆழமாக வெந்துவிட்டது என்று பொருள். "இப்ப நோகல, ஆறிப்போச்சு" என்று இருந்துவிடாதீர்கள். நாலைந்து நாள் கழித்துச் சீழ், வாடை, காய்ச்சல், காதுக்குப் பின்னால் கட்டி, கழுத்தில் நெறி கட்டுதல் வந்தாலும் அப்படித்தான். சீழ் பிடித்த புண்ணுக்குத் தகுந்த மருந்தை வைத்தியர்தான் தர வேண்டும். பக்கத்து லயத்தில் மிச்சம் இருந்த குளிசையைப் போட்டுக்கொள்வது மருந்தாகாது.

போகும்போது கிறீம் பெட்டியைக் கொண்டு போங்கள். வைத்தியருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. எத்தனை மணிக்குப் பூசினீர்கள், எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். பேன் மருந்து என்று பொய் சொன்னால் பேன் மருந்துக்கான வைத்தியம்தான் கிடைக்கும்.

மேலோட்டமான சூட்டுக்கு வீட்டில் செய்வது கொஞ்சம்தான். நோவுக்குப் பனடோல். பெரியவர்கள் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்த உடம்பென்றாலோ ஈரல் வருத்தம் இருந்தாலோ டிஸ்பென்சரியில் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். தலையை வெறும் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். மூன்று நான்கு நாள் போனபின் குழந்தைகளுக்குப் போடுகிற ஷம்போ கொஞ்சம் போடலாம். நன்றாகக் குளிர்ந்த தோலில், கைகளைக் கழுவிவிட்டு, வாஸ்லினை மெல்லியதாகத் தடவலாம். பொருக்கை நகத்தால் கிள்ளக் கூடாது. அரிக்கும், தெரியும். கையைக் கட்டிப் போட முடியாது, ஆனால் நகத்தை வெட்டலாம். இரவில் தலையணைக்குச் சுத்தமான பழைய பருத்தித் துணி விரியுங்கள். பேன் இருந்தாலும் புண் ஆறும்வரை பேன் மருந்து போடாதீர்கள். ஈர்கொல்லியால் நனையாமல் சீவி எடுக்கலாம். மண்ணெண்ணெய் எந்தக் காலத்திலும் தலைக்கு ஆகாது. புண்ணில் பட்டால் வேதனை, அடுப்படியில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

மலை வேலை

இதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கமாட்டார்கள், ஆகவே நாம் பேச வேண்டும். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் தங்குகிறது. நிறைந்த கூடையின் பாரம் முழுவதும் அந்த விரலளவுக் கோட்டில் அழுத்தும். வெந்த தோலை அப்படி நாள் முழுவதும் அழுத்தி, மேலே வியர்வையும் மழையும் ஊறினால் ஆறுவதற்கு வழியே இல்லை. துணியை மடித்துக் கயிற்றுக்குக் கீழே வைத்தாலும் அழுத்தம் அழுத்தம்தான். புண் காய்ந்து புதுத்தோல் மூடும்வரை தலையில் கயிறு போடக் கூடாது. தோளில் மாட்டுகிற பையில் எடுக்க முடியுமா, நாற்றுமேடை வேலை கிடைக்குமா என்று கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். டிஸ்பென்சரியில் ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போனால் கேட்பது சுலபம். முடி நேராக்கப் போய் வந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தால் "மண்டையில் சூட்டுப் புண்" என்று மட்டும் எழுதச் சொல்லலாம். அதுவும் உண்மைதான்.

புல்லுக்கு மருந்து அடிக்கிற இடத்துக்கும் உரம் போடுகிற இடத்துக்கும் அந்த நாட்களில் போக வேண்டாம். தோல் உரிந்த இடத்தால் மருந்து உடம்புக்குள் சுலபமாக இறங்கும்.

முடி கொட்டுகிறதா, முறிகிறதா?

இரண்டாவது வாரம் அழுதுகொண்டு வருவார்கள், "கொத்துக் கொத்தாப் போகுது" என்று. விழுந்த முடியை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. குமிழ் இல்லாமல் கட்டையாக இருந்தால் நடுவில் முறிந்தது. முறிந்ததற்குக் கவலைப்பட வேண்டாம். வேர் உயிரோடு இருக்கிறது, மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வேரோடு வந்தாலும் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். ஆனால் புண் ஆறிய இடம் வழுவழுப்பாக, பளபளப்பாக இருந்து, இரண்டு மூன்று மாதமாகியும் பூனைமுடிகூட வராவிட்டால் வேர் தழும்புக்குள் போயிருக்கலாம். அதற்கு எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பது பயனில்லை. தோல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிப் போக வேண்டும்.

வெடித்த நுனியைப் பற்றி ஒரு நேரான பேச்சு: அது ஒட்டாது. தோலுக்கு வெளியே இருக்கிற முடி உயிரில்லாதது, ஆகவே புண்ணைப் போல ஆறுவதில்லை. எந்தக் கிறீமும், எந்த விளம்பரத்து எண்ணெயும் வெடித்த நுனியை நிரந்தரமாகச் சேர்க்காது. ஒரு நாள் இரண்டு நாள் பசை போல ஒட்டி வைக்கும், அவ்வளவுதான். வெட்டாமல் விட்டால் வெடிப்பு மேலே மேலே ஏறும். வெடிப்புக்கு அரை அங்குலம் மேலே கூர்மையான கத்தரியால் வெட்டுங்கள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. நீளமான சடைதான் பெண்ணுக்கு அழகு என்று வளர்ந்த நமக்கு இது கஷ்டமாக இருக்கும். எனக்கும்தான்.

மிச்ச முடியைக் காப்பாற்ற வழி உண்டு. உடம்புக்குப் போடுகிற சவர்க்காரத்தால் தலை முழுகாதீர்கள். அதுவும் காரம்தான், முடியின் செதில்களைத் தூக்கிவிடும். ஈர முடியைத் துவாயால் முறுக்காமல் ஒற்றி எடுங்கள். அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போய்ச் சிக்கெடுங்கள்; மேலிருந்து இழுத்தால் முறியும். நேராக்கிய முடிக்கும் புதிதாக முளைக்கிற சுருள் முடிக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கும். அந்த இடம்தான் மிகப் பலவீனம். இறுக்கிச் சடை போட்டாலும் கொண்டையை இழுத்துக் கட்டினாலும் அங்கேதான் முறியும்.

தேங்காயெண்ணெய் விஷயத்தில் நம் ஆத்தாமார் சொன்னது சரி. அது முடிக்குள் இறங்கி, தலை முழுகும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003ஆம் ஆண்டு இந்தியாவில் செய்த ஆய்வொன்று காட்டியது. முழுகுவதற்கு முதல் நாள் இரவு முடியின் நீளத்துக்கும் நுனிக்கும் தடவுங்கள். புண் உள்ள தோலில் படக் கூடாது. செவ்வரத்தை இலையைக் கசக்கி எடுத்த வழுவழுப்பும் கற்றாழைச் சோறும் சிக்கெடுக்க நல்லவை. அவையும் முடிக்குத்தான், புண்ணுக்கல்ல. சூடான இரும்பு, முடிச்சாயம், திரும்ப நேராக்குதல் எல்லாம் வேண்டாம்.

உடம்புக்குள்ளே போகிற கெடுதி

கெரட்டின் போடுகிறோம் என்று சலூன்களில் செய்கிற சில மருந்துகளில் கிளையொக்சிலிக் அமிலம் இருக்கிறது. 26 வயதுப் பெண்ணொருத்திக்கு 2020, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் முடி நேராக்கிய ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024 மார்ச்சில் பிரான்ஸ் நாட்டு வைத்தியர்கள் எழுதினார்கள். அவருக்கும் முதலில் வந்தது தலை எரிச்சலும் மண்டைப் புண்ணும்தான். பிறகு வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல், முதுகு வலி. முடி நேராக்கிய அன்றோ மறுநாளோ இப்படி வந்தால், சிறுநீர் குறைந்தால், "ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளல" என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், முடிக்கு மருந்து போட்டதைச் சொல்லுங்கள். கேட்காமலே சொல்லுங்கள்; வைத்தியருக்கு அந்த யோசனை வராது.

அமெரிக்காவில் 33,000க்கு மேற்பட்ட பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு நாலு முறைக்கு மேல் முடி நேராக்கியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு முறை செய்தவர்கள் பயந்து தூக்கம் கெட வேண்டியதில்லை. வழக்கமாக்கிக் கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கர்ப்பமான தாய்மாரும் பால் கொடுக்கிறவர்களும் தள்ளிப் போடுங்கள். சடங்குக்கு உட்கார வைக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மற்றவர்கள் செய்துதான் ஆவேன் என்றால், மண்டையில் புண், பேன்கடி, சொறி இருக்கும்போது செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே தலையைச் சொறியாமல், முழுகாமல் இருங்கள். இரண்டு நாளைக்கு முன் காதுக்குப் பின்னால் பெட்டியில் சொன்னபடி ஒரு துளி வைத்துச் சோதியுங்கள். நெற்றி ஓரம், காது, பிடரி எல்லாம் வாஸ்லின் தடவுங்கள். கிறீம் முடியில் பட வேண்டும், மண்டையில் தேய்க்கிற சாமான் அல்ல அது. ஏற்கெனவே நேராக்கிய முடியில் மறுபடி போடக் கூடாது. வாளி நிறையத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

அந்தப் பிள்ளையை அன்று மத்தியானமே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் வார்டில் இருந்தாள். தாய்க்குச் சொல்லாமல் முடியவில்லை. வந்தார், தலையைப் பார்த்தார், "எரியுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார், ஏசவில்லை. இப்போது ஒரு புண் இருந்த இடத்தில் முடி விரல் நுனியளவு வந்திருக்கிறது. மற்ற இடம் இன்னும் வழுவழுப்பாகத்தான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை கிளினிக்குக்குத் தாயே அரைநாள் பேரை விட்டுவிட்டுக் கூட்டிப் போகிறார். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியாகிவிட்டது. கூடையை இன்னும் தலையில் போடவில்லை.